தோள்பையோடு மாஜுலி போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தே கழுத்தும் முதுகும் பிடித்துப்போய், சேர்த்து வைத்த விடுப்பை மொத்தமாக எடுத்துக்கொண்டு வடகிழக்குக்குக் கிளம்புகிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கிளம்பும் முன் உங்களில் சிலர் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பி, ‘ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கண்ணா’ என்பீர்கள். திறந்தால் குவாஹாத்தி, ஷில்லாங், சிரபுஞ்சி, காசிரங்கா, தவாங் என்று ஒரே மூச்சில் ஓடும். நடுவில் ஒரு வரி இருக்கும்: ‘மாஜுலி, காலையில் போய் மாலையில் திரும்புதல்.’

அந்த வரிக்கு என்னிடம் இரண்டே யோசனைதான். ஒன்று, மாஜுலியை அடித்துவிடுங்கள், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பட்டியலில் உள்ள மற்ற ஊர்களில் பாதியை அடித்துவிட்டு அங்கே நாலைந்து ராத்திரி தங்குங்கள். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு அது அருவியோ காட்சி முனையோ இல்லை. 2011 கணக்கெடுப்பின்படியே 1,67,304 பேர் வாழ்கிற இடம். 2016ல் அசாம் அரசு அதைத் தனி மாவட்டமாக்கியது. ஓர் ஆற்றுத் தீவு மாவட்டமானது இந்தியாவில் அதுதான் முதல் முறை.

திட்டங்களில் அடிக்கடி காணும் இன்னொரு வரிதான் என்னை இதை எழுத வைத்தது: ‘இன்னும் சில வருஷத்தில் தீவே இருக்காதாம், அதற்குள் பார்த்துவிட வேண்டும்.’ அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் போய்ச் சேருவோம்.

விமானத்தில் போகிறவர்களுக்குக் குவாஹாத்தியோ ஜோர்ஹாட்டோ சுலபம். நாள் கையில் இருப்பவர்களுக்கு நான் விவேக் எக்ஸ்பிரஸைத்தான் சொல்வேன். கன்னியாகுமரியில் கிளம்பி, கேரளத்தைச் சுற்றிக்கொண்டு, கோவை, ஈரோடு, சேலம் வழியாக ஏறி, 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடி திப்ருகர் சேருகிற வண்டி. நாட்டிலேயே நீண்ட தூரம் ஓடும் ரயில் என்று பெயர் வாங்கியது. மரியானி சந்திப்பில் இறங்கினால் ஜோர்ஹாட் பக்கம். மூன்று பகல் மூன்று இரவுக்கு மேல் ஆகும், சாப்பாடு சுமார், கழிவறையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. ஆனால் அந்த வண்டியில் உங்களோடு வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில், பெருந்துறை ஆலையில், கோவைச் சாலையோர ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பும் அசாம் பையன்கள். பலருக்குத் தமிழ் நன்றாகவே வரும். அவர்கள் பிழைப்புக்காக எங்கிருந்து கிளம்பி வந்தார்களோ அந்தப் பக்கத்துக்குத்தான் நீங்கள் ஓய்வெடுக்கப் போகிறீர்கள். மூன்று நாள் எதிர் இருக்கையில் உட்கார்ந்து பேசினால், எந்தப் பயணப் புத்தகத்திலும் கிடைக்காத விவரமெல்லாம் கிடைக்கும்.

ஜோர்ஹாட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டரில், பிரம்மபுத்திராவின் கரையில் நிமாத்தி படகுத்துறை. துறை என்றால் கல் படிக்கட்டை நினைக்காதீர்கள். நீர்மட்டம் ஏற இறங்கத் துறையும் இடம் மாறும். மணல் சரிவில் மூங்கில் பலகைப் பாலம், மூங்கிலால் கட்டிய டீக்கடைகள், கடை வாசலில் எண்ணெயில் பொரியும் பூரி. மழை ஏறினால் கடையைப் பிரித்து மேலே கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள். படகில் கீழ்த்தளத்தில் ஆட்கள், மேலே வரிசையாக மோட்டார் சைக்கிள்கள், சில படகுகளில் கார்களும். அரிசி மூட்டை, கோழிக் கூடை, பீரோ, கல்யாண வீட்டுக்குப் போகும் குடும்பம் என எல்லாம் ஒரே தளத்தில். ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணம். குளிர்காலத்தில் ஆறு இளைத்து மணல்திட்டுகள் தலைகாட்டும்போது படகு நேராகப் போகாது. தண்ணீரின் நிறத்தையும் சுழிப்பையும் பார்த்து ஓட்டுகிறவர் வளைத்து வளைத்துக் கொண்டுபோவார். அப்போது போனை உள்ளே வைத்துவிட்டு நீர்ப்பரப்பைக் கவனித்துக்கொண்டிருந்தால், சாம்பல் நிற முதுகு ஒன்று எழும்பி மறைவதைக் காண வாய்ப்புண்டு. ஆற்று ஓங்கில். கடல் ஓங்கில் மாதிரி துள்ளிக் குதித்து வித்தை காட்டாது. மூச்சுவிட வரும், போய்விடும். படம் எடுக்க முயன்றால் தண்ணீரைத்தான் எடுப்பீர்கள்.

கமலாபாரி, கராமூர் என்று அக்கம்பக்கத்தில் இரண்டு சிற்றூர்கள். தங்குமிடங்கள் பெரும்பாலும் அவற்றைச் சுற்றித்தான். சத்ராக்கள் என்ற வைணவ மடங்கள் சிலவற்றிலும் விருந்தினர் அறைகள் உண்டு. ஆனால் மிசிங் மக்களின் வீட்டைப் போலக் கட்டிய மூங்கில் குடிலில் தங்குவதைத்தான் பரிந்துரைப்பேன். அசாமின் பெரிய பழங்குடிச் சமூகங்களில் ஒன்று மிசிங். கால் ஊன்றிய மேடை மேல் வீடு. அதைச் சாங் கர் என்பார்கள். ஆற்றோரத்தில் வாழ்ந்து வாழ்ந்து, வெள்ளம் வந்தால் கீழே ஓடிப்போகட்டும் என்று வீட்டை மேலே தூக்கிக் கட்டிக்கொண்ட சனம். தரை, சுவர், படிக்கட்டு எல்லாம் மூங்கில். தட்டையாகப் பிளந்து பரப்பிய தரையில் நடந்தால் லேசாக அமுங்கிக் கொடுக்கும், இடுக்கு வழியே கீழே வெளிச்சம் தெரியும். அந்த இடுக்கு வழியேதான் ஜனவரிக் குளிரும் ஏறும். நம் ஊர் மார்கழியை நினைத்து ஒரு துண்டோடு போய் நிற்காதீர்கள். நல்ல கம்பளிச் சட்டை, காலுறை, குல்லாய் மூன்றும் அவசியம்.

உங்களைத் திகைக்க வைக்கப்போவது சாயங்காலம். டிசம்பரில் நாலரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். ஐந்தரைக்குக் கும்மிருட்டு. குஜராத்துக்கும் அசாமுக்கும் ஒரே கடிகாரம் வைத்ததன் பலன் இது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. தோட்ட நேரம் என்று அதற்குப் பெயர். மாஜுலியில் கடிகாரத்தை யாரும் தள்ளி வைக்கவில்லை. வாழ்க்கையே தள்ளி நடக்கிறது. ஊர் நான்கரை, ஐந்து மணிக்கே எழுந்துவிடும். ராத்திரி எட்டு மணிக்கு அடங்கிவிடும். ‘இருட்டின பிறகு இங்கே என்ன பண்றது?’ என்று முதல் நாள் கேட்காதவர் இல்லை. ஒன்றும் பண்ண வேண்டாம். வீட்டின் நடுவில் அடுப்பு எரியும். அடுப்புக்கு மேலே மூங்கில் பரணில் மீனும் விறகும் புகையில் காய்ந்துகொண்டிருக்கும். சுற்றி உட்கார இடம் கொடுப்பார்கள். பேச்சு அசாமியிலோ மிசிங் மொழியிலோ போகும், பாதி புரியாது. முதல் நாள் கைப்பேசியில் வலை கிடைக்கிறதா என்று பார்ப்பீர்கள். கிடைக்கும், அப்படியொன்றும் ஒதுங்கிய ஊர் இல்லை அது. ஆனாலும் மூன்றாம் நாள் வாக்கில் அதை எடுக்கத் தோன்றாது. அந்த மூன்றாம் நாள்தான் ஒரே நாளில் திரும்புகிறவர்களுக்குக் கிடைக்காமல் போவது.

காலையில் கோமல் சாவுல் கேளுங்கள். சமைக்கத் தேவையில்லாத அரிசி. தண்ணீரில் ஊற வைத்தால் தானே மென்மையாகிவிடும். கட்டித் தயிர், வெல்லம் சேர்த்துக் கிண்ணத்தில் தருவார்கள். நம் தயிர்சாதத்துக்காவது சோறு வடிக்க அடுப்பு மூட்ட வேண்டும், இதற்கு அதுவும் வேண்டாம். வெள்ளம் சூழ்ந்து விறகெல்லாம் நனைந்துபோகும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு எது? அதேபோல் பாவோ என்றொரு நெல் இனம் உண்டு. வெள்ளம் ஏற ஏற அதன் தாளும் நீண்டுகொண்டே போய்த் தண்ணீருக்கு மேலே தலையை நிறுத்திக்கொள்ளும். மதியத்துக்குச் சோறு, புளிப்பான மீன் குழம்பு, கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு, ஏதாவது ஒரு கீரை. காரம் மிகக் குறைவு. ஊறுகாய் பாட்டிலோடு போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் அந்தக் கட்சிதான்.

சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். ஸ்கூட்டரை எடுக்காதீர்கள், சைக்கிள் போதும். தீவில் மேடு என்று இருப்பது ஆற்றங்கரை அணைகள் மட்டும்தான். டிசம்பர், ஜனவரியில் கடுகு பூத்து வயலெல்லாம் மஞ்சளாக இருக்கும். ஈரநிலங்களில் வாத்துகளும் நாரைகளும் வந்து இறங்கியிருக்கும். காலை மூடுபனி விலக ஒன்பது மணி ஆகலாம். அப்படிப் போகும்போது வீடுகளின் அடியில் ஒரு பொருளைக் கவனியுங்கள். ஆறு கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும், சுற்றிலும் காய்ந்த வயல். ஆனால் வீட்டுக்கு அடியில், பன்றியும் கோழியும் மேய்கிற இடத்தில், ஒரு மரப்படகு கிடக்கும். சில வீடுகளில் அதன்மேல் வைக்கோல் போட்டிருப்பார்கள், சில வீடுகளில் பிள்ளைகள் அதற்குள் உட்கார்ந்து விளையாடும். ஜூன் வந்தால் அதே படகில்தான் பள்ளிக்கூடமும் கடையும். நீங்கள் சைக்கிள் மிதித்துப் போகிற பல தடங்களில் அப்போது துடுப்புதான் போட வேண்டியிருக்கும்.

அந்த வீட்டடிகளில் இன்னொன்றும் இருக்கும்: தறி. மிசிங் பெண்கள் நெய்யாத வீட்டைப் பார்ப்பது அரிது. வயல்வேலை, சமையல், பன்றிக்குத் தீனி எல்லாம் முடித்த இடைவெளியில் வந்து உட்கார்ந்து நெய்வார்கள். கட்டம் கட்டமாக, சாய்சதுரமாக வரும் கோலங்களுக்கு எதிரில் தாளில் வரைந்த மாதிரி எதுவும் இருக்காது, கைப்பழக்கம்தான். வாங்குவதாக இருந்தால் அங்கேயே வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள் என்று சொன்னால் நம் ஆட்களுக்கு ரத்தம் கொதிக்கும், தெரியும். ஒரு துண்டுக்கு எத்தனை நாள் உட்கார்ந்தார்கள் என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகும் பேச மனம் வந்தால் பேசுங்கள்.

சத்ராக்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆற்றுத் தீவு, வைணவம் என்றதும் நமக்கு ஸ்ரீரங்கம்தான் நினைவுக்கு வரும். அந்த நினைப்போடு போனால் ஏமாற்றமாக இருக்கும். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த சங்கரதேவர் வகுத்த வழி இது. கிருஷ்ண பக்திதான், ஆனால் கோபுரமும் மூலவரும் மையமில்லை. நாம்கர் என்னும் நீண்ட கூடத்தில் ஊர் கூடி நாமம் பாடுவதுதான் வழிபாடு. கருவறை இருக்க வேண்டிய பக்கத்தில் பீடத்தின் மேல் பாகவத நூல். சங்கரதேவரும் அவருடைய சீடர் மாதவதேவரும் முதன்முதலில் சந்தித்தது இந்தத் தீவில்தான் என்பார்கள். ஔனியாட்டி சத்ராவை 1653ல் அசாமை ஆண்ட அஹோம் அரசர் ஜெயத்வஜ சிங்கர் நிறுவினார். பழைய அஹோம் காலத்துப் பொருள்களைக் காண அங்கே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. ஔனியாட்டி, உத்தர கமலாபாரி போன்றவை துறவிகளின் சத்ராக்கள். சிறுவயதிலேயே வந்து சேர்ந்து, வரிசை வீடுகளில் மூத்த துறவிகளோடு வளர்ந்து, தாங்களே சமைத்து, விவசாயம் பார்த்து, பாட்டும் ஆட்டமும் கோல் வாசிப்பும் கற்றுக்கொள்கிறார்கள். கோல் என்பது அங்குள்ள மண் மத்தளம். இந்த மடங்களுக்குள் ஆண்களே ஆடிவந்த நடனத்தைத்தான் 2000ஆம் ஆண்டு சங்கீத நாடக அகாதெமி சத்ரியா என்ற பெயரில் செவ்வியல் நடனமாக ஏற்றுக்கொண்டது. மேடையில் பார்ப்பதை விடுங்கள். அந்தி நேரத்தில் ஏதாவது ஒரு நாம்கரின் பின்வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். வெள்ளை வேட்டியில் நாற்பது ஐம்பது பேர், கூடம் அதிரும் தாளம், விளக்கொளி. யாரும் உங்களை வரவேற்கவும் மாட்டார்கள், விரட்டவும் மாட்டார்கள். அப்போது கேமராவை எடுத்து முன்வரிசைக்கு ஓடுகிற ஆளாக மட்டும் இருந்துவிடாதீர்கள்.

சாமகுரி சத்ராவில் முகமூடி செய்கிறார்கள். பாவோனா என்ற பக்தி நாடகத்துக்கான ராவணன், கருடன், பூதனை, நரசிம்மம். மூங்கில் பட்டையைப் பின்னி வடிவம் கட்டி, அதன்மேல் குழைத்த மண்ணில் தோய்த்த துணியை ஒட்டி, மண்ணும் சாணமும் கலந்து பூசி, வெயிலில் காய வைத்து, வண்ணம் தீட்டுகிறார்கள். முகத்துக்கு மட்டும் உள்ளது ஒரு வகை, தாடையும் கண்ணும் அசைவது ஒரு வகை, ஆளையே மறைக்கும் உயரத்தில் ஒரு வகை. இந்தக் கலையைப் பல ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்த ஹேமசந்திர கோஸ்வாமிக்கு 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அடுத்த ஆண்டே மாஜுலி முகமூடிக்குப் புவிசார் குறியீடும் வந்தது. சால்மரா என்ற ஊரில் குயவர் வீடுகள் இருக்கின்றன. சக்கரம் இல்லாமல் பெண்கள் கையாலேயே தட்டித் தட்டிப் பானை வனைவார்கள். முன்பெல்லாம் அந்தப் பானைகளைப் படகில் ஏற்றி ஊர் ஊராகப் போய் நெல்லுக்கு மாற்றிக்கொண்டு வருவார்கள்.

நவம்பரில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி ராஸ் விழா. தீவே கூடிவிடும், அறை கிடைக்காது. அது வேறு வகை அனுபவம். ஓய்வுக்காகப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பிப்ரவரியில் மிசிங் மக்களின் விதைப்புத் திருவிழா அலி ஆய் லிகாங். அதற்குத் தாராளமாகப் போகலாம்.

இனி அந்த ‘அழிவதற்குள்’ விஷயம்.

தீவு கரைகிறது என்பது உண்மை. பழைய கணக்குகள் 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் என்று சொல்கிற நிலப்பரப்பில் பாதிக்கும் குறைவே இன்று திடமான நிலம். சுற்றியுள்ள மணல்திட்டுகளைச் சேர்ப்பதா விடுவதா என்பதைப் பொறுத்து எண் மாறும். 2016ல் கின்னஸ் 880 சதுர கிலோமீட்டர் என்று பதிந்து, உலகின் மிகப் பெரிய ஆற்றுத் தீவு என்று பட்டம் கொடுத்தது. 1950 ஆகஸ்ட் 15, சுதந்திர தினத்தன்று, 8.6 அளவில் பெரிய நிலநடுக்கம். அசாமுக்கு மேலே உள்ள மலைகள் சரிந்து, அந்த மண்ணும் பாறையும் ஆற்றில் இறங்கி, பிரம்மபுத்திராவின் படுகையே மேடேறிவிட்டது. ஆழம் குறைந்த ஆறு அகலத்தைத் தேடுகிறது. மாஜுலியின் கரை பெரும்பாலும் வண்டல் மணல். வெள்ளம் ஏறும்போதைவிட வடியும்போதுதான் ஆபத்து அதிகம் என்பார்கள். தண்ணீரில் ஊறிப்போன கரைக்கு, ஆறு இறங்கியதும் சாய்ந்துகொள்ள எதுவும் இருக்காது. பாளம் பாளமாக அப்படியே உட்காரும். வயல் போகும், பாக்குத் தோப்பு போகும், பள்ளிக்கூடம் போகும். 65 சத்ராக்கள் இருந்ததாகச் சொல்லும் தீவில் இப்போது அதில் பாதிகூட இல்லை. பல மடங்கள் நிலத்தை இழந்து ஆற்றைத் தாண்டிப் போய்விட்டன. சைக்கிளில் போகும்போது கரை அணைகளின் மேல் வரிசையாகத் தகரக் குடிசைகளைப் பார்ப்பீர்கள். நிலம் போனவர்கள் வந்து ஒதுங்கிய இடம் அது. வெளிச்சம் அழகாக விழுகிறதே என்று அவற்றைப் படம் பிடிக்க வேண்டாம்.

ஆனால் இதை வைத்து ஓர் ஊரையே சாவுப்படுக்கையில் கிடத்தி, கடைசி தரிசனத்துக்கு ஆள் சேர்க்கும் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே இருக்கிறவர்கள் அப்படி நினைக்கவில்லை. வீடு போனால் மூங்கிலைப் பிரித்து எடுத்துக்கொண்டு உள்ளே தள்ளிக் கட்டுகிறார்கள். தீவை ஒட்டிய மணல்திட்டு ஒன்றில், வெயிலில் செத்துக் கிடந்த பாம்புகளைப் பார்த்து 1979ல் மூங்கில் நடத் தொடங்கிய ஜாதவ் பாயெங் என்ற மிசிங் மனிதர், ஏறக்குறைய 550 ஹெக்டேரில் ஒரு காட்டையே வளர்த்துவிட்டார். யானைகள்கூட அங்கே வந்து போகின்றன. 2015ல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1996ல் சஞ்சய் கோஷ் என்ற சமூக சேவகர் ஒரு சிறு குழுவோடு தீவுக்கு வந்து, ஊர் மக்களின் உழைப்பையே திரட்டி, மூங்கிலும் மரமும் கொண்டு கரையின் ஒரு பகுதியைக் காக்க முடியும் என்று காட்டினார். அடுத்த ஆண்டு ஜூலையில் உல்ஃபா என்ற ஆயுதக் குழுவினர் அவரைக் கடத்திக் கொன்றார்கள். கரை காக்கும் வேலையில் ஒப்பந்தமும் பணமும் எத்தனை பேருக்குப் பிழைப்பு என்பதை அந்தக் கொலைக்குப் பிறகு எழுதப்பட்டவற்றில் படிக்கலாம். போகும் முன் அவரைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள் என்பது என் வேண்டுகோள்.

அதனால், ‘மறையும் தீவு’ என்று தலைப்பு வைத்துப் படம் போடாதீர்கள். அந்தப் படத்தை அங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் பார்க்கிறது.

பாலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜோர்ஹாட்டையும் மாஜுலியையும் இணைக்கும் பாலத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். வேலை எதிர்பார்த்த வேகத்தில் நகரவில்லை. தங்குமிடங்களில் உட்கார்ந்து வெளியூர்க்காரர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்: ‘பாலம் வந்தால் இந்த அமைதியெல்லாம் போச்சு, படகுதான் அழகே.’ அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் விறகைத் தள்ளிக்கொண்டிருப்பார். விருந்தாளியோடு வாதாட அவருக்கு மரியாதை இடம் கொடுக்காது. அவருக்குப் பதிலாக நான் சொல்கிறேன். இருட்டிய பிறகு படகு ஓடாது. நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால், பெரிய மருத்துவமனைக்கு நடுவில் பிரம்மபுத்திரா கிடக்கிறது. புயல் மழையில் பகலிலும் படகை நிறுத்திவிடுவார்கள். அதே 2021 செப்டம்பரில் நிமாத்தி அருகே பயணிகளோடு போன தனியார் படகு அரசுப் படகோடு மோதிக் கவிழ்ந்து உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் ஒற்றை இயந்திரத் தனியார் படகுகளுக்குத் தடை வந்தது. நமக்கு நாலு நாள் கிடைக்கும் அமைதிக்காக அவர்கள் காலம் முழுக்க ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். பாலம் வந்தால் கூட்டம் வரும், கடை வரும், குப்பை வரும்; அதை எப்படிச் சமாளிப்பது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாம் குப்பை போடாமல் இருந்தால் போதும்.

குப்பை என்றதும் ஞாபகம் வருகிறது. தண்ணீர் பாட்டில், சிப்ஸ் உறை எல்லாவற்றையும் பையிலேயே போட்டு ஜோர்ஹாட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். தீவில் அதைக் கொட்ட இடம் ஏது? எங்கே போட்டாலும் அடுத்த வெள்ளம் ஆற்றில் சேர்த்துவிடும்.

அபொங் பற்றிக் கேட்பீர்கள், கேட்காமல் இருக்க மாட்டீர்கள். மிசிங் வீடுகளில் அரிசியில் வடிக்கும் மது. வெள்ளையாக ஒன்று, எரித்த உமியின் கரி சேர்த்துக் கறுப்பாக ஒன்று. வீட்டுப் பெண்கள் செய்வது. அவர்களுடைய சடங்குகளிலும் விழாக்களிலும் அது இல்லாமல் நடக்காது. விருந்தாளிக்குக் கொடுப்பது மரியாதை. கொடுத்தால் உட்கார்ந்து மெதுவாகக் குடியுங்கள், பழக்கமில்லை என்றால் கைகூப்பி வேண்டாம் என்று சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மலிவுச் சரக்கு என்று நினைத்துப் பாட்டில் பாட்டிலாகக் கேட்டு ராத்திரி பாட்டுப் போட்டு ஆடிய கும்பல்களை அந்த ஊர் பார்த்திருக்கிறது. அவர்களில் தமிழ்க் குரல்களும் இருந்தன என்று கேள்விப்பட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

தங்குகிற வீட்டில் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்ன பிறகுதான் மீன் பிடிக்கவோ சந்தைக்கோ போவார்கள். பணத்தை நேராக வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். யூபிஐ பல இடங்களில் ஓடும், ஆனால் அதை மட்டும் நம்பாமல் ஜோர்ஹாட்டிலேயே ரொக்கம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை போகாதீர்கள். அது அவர்கள் வெள்ளத்தோடு மல்லுக்கட்டும் காலம், விருந்தாளியைக் கவனிக்க நேரம் இருக்காது. படகு நேரம் நீர்மட்டத்தோடு மாறும் என்பதால் முந்தின நாளே துறையில் கேட்டுவிடுங்கள், ஏறியதும் மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். நிமாத்தியிலிருந்து கடைசிப் படகு பிற்பகலிலேயே போய்விடும். அதை விட்டால் அன்றிரவு ஜோர்ஹாட்டில்தான் தங்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் திட்டங்களில் கோடு போட்டுக்கொண்டே இருக்கும் அண்ணன்